இளநீர் வெட்டிய காலை

பல் விளக்கக் கையை மடக்க முடியாமல் நின்றான் கலைச்செல்வன். மனைவி ஜெயசித்ராதான் பிரஷ்ஷை வாங்கி விளக்கிவிட்டாள். புதுமாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது என்று கேலியும் பண்ணினாள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் போலீஸ் வேலைக்கான உடற்தகுதித் தேர்வு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இதை விட்டால் இல்லை. எழுத்துத் தேர்வில் தேறியதுமே ஓடிப் பழகியிருக்க வேண்டும். குன்னத்தில் மக்காச்சோள அறுப்பு வந்து ஆளை இழுத்துக்கொண்டது. விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று நேற்று மைதானத்துக்குப் போனவன், வெயில் ஏற ஏறக் கயிறு ஏறினான். கவிழ்ந்து விழும்வரை தண்டால் எடுத்தான். உடம்பு கனக்கும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை.

"சித்ரா, இங்க வந்து பாரு" என்று பாத்ரூமிலிருந்து கூப்பிட்டான். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருந்தது.

"சூடுதாங்க. வெயில்ல கெடந்தா வேற எப்புடிப் போவும்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கப் போட்டுவிடுவார்கள், தேர்வு போய்விடும் என்று அவனைவிட அவள்தான் அதிகம் பயந்தாள். போலீஸ்காரர் பெண்டாட்டி என்று தெருவில் இப்போதே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. ஒரு குலை இளநீர் வாங்கிவந்து, வெட்டி வெட்டிக் கொடுத்தாள். சூட்டுக்கு அதைவிட என்ன மருந்து இருக்கிறது?

மத்தியானம்வரை ஒரு சொட்டு சிறுநீர் போகவில்லை. அவன் வாந்தி எடுத்ததும் காரைப் பிடித்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் புவனேஸ்வரி அவன் தொடையை அழுத்திப் பார்த்தார். "அளவுக்கு மீறிப் பயிற்சி பண்ணதுல தசை செதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. கிட்னி வேலை செய்யல. குடிக்க என்ன குடுத்தீங்க?"

"இளநீர்தாங்க. வயிறு நெறைய."

டாக்டர் ஈசிஜி தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். "ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக் கெடக்கும்மா. இளநீர் அதை இன்னும் ஏத்தும். இதயம் நின்னுரக் கூடாது. ஊசி போட்டிருக்கேன், உடனே திருச்சிக்குப் போங்க. டயாலிசிஸ் பண்ணணும்."

ஆசையாகக் கொடுத்த கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று ஜெயசித்ராவுக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் பாடாலூரைத் தாண்டும்போது அவன் கண் திறந்தான். "தேர்வுக்கு நாளைக்குக் காலையில போயிட்டா போதும்ல?"

"போதுங்க."

"அதுவரைக்கும் கொஞ்சம் காலைப் புடிச்சு வுடேன்."

பெரம்பலூரிலிருந்தே அவள் அவனுடைய இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டுதான் வந்தாள்.