ரப்பர் நிழலில் ஒரு சோலார் வண்டி

வயல் உழும் பவர் டில்லர் பழுதாகிப் போன பிறகு, அது இழுத்துவந்த சிறிய டிரெய்லர் மோகனனின் குன்னத்துகால் வீட்டுப் பின்புறம் கோழி அடையும் இடமாகிவிட்டது. தங்கை சுகுமாரி அதைக் கேட்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"வண்டியில இருந்து ரேடியோ நன்னாக்கப் போறியா? ஆளுக வருமா?"

"இங்கயும் வரலியே அண்ணா."

பெண்கள் மட்டும் வேலை செய்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் சங்கத்தில் சால்டரிங் பழகியவள் அவள். சங்கத்தை மூடியபோது அங்கே மீந்த ஒரு சோலார் பேனலையும் பேட்டரியையும் அவளுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்தாள். அண்ணன் வீட்டுப் படியேறி ஒரு பெண்ணிடம் ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுக்க ஆண்கள் கூசினார்கள். வந்த ஒன்றிரண்டு பேரையும் அண்ணன் மனைவி வாசலோடு பேசி அனுப்பிவிட்டாள்.

வெல்டர் பொன்னப்பன் டிரெய்லருக்கு இரும்புச் சட்டம் கட்டித் தகரக் கூரை போட்டான். பக்கத்தில் ஜன்னல், மேலே பேனல். உள்ளே மேசையைச் சுகுமாரியே ஆணியடித்துச் சேர்த்தாள். வண்டி நகரும்போது சாமான் உருளாமலிருக்க அதன் விளிம்பில் சட்டம் அடித்தாள். பேட்டரியைப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கினாள். மேசையின் இரு பக்கமும் ஒரு ஸ்டூல் வீதம் போட்டாள். சங்கத்தில் தோழி பிரேமகுமாரி எதிரே இருந்து பேசிக்கொண்டிருந்தால்தான் இவளுக்குக் கை ஓடும். பிரேமகுமாரி இப்போது மஸ்கட்டில். ஆனாலும் எதிர் ஸ்டூல் இல்லாத மேசையை நினைத்துப் பார்க்க அவளுக்கு வரவில்லை.

"சித்திரை விஷு வரைக்கும் பாப்போம்," என்றான் மோகனன். "ஓடலேன்னா வண்டிய வித்துருவேன். பின்ன வீட்டுல அடங்கி இருக்கணும், கேட்டியா."

மகரம் என்கிற தை மாதத்தில் ஒரு ஜீப்பில் கட்டி இழுத்து, பஸ் நிற்கும் இடத்தில், ரப்பர் தோட்டத்து ஓரமாக நிறுத்தினார்கள். மரங்கள் இலையுதிர்த்து நின்றன. பேனலில் வெயில் தாராளமாக விழுந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஜன்னலில் முழங்கையை ஊன்றி ஏதாவது பேசினார்கள். உள்ளே வந்து ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை என்றாலும், பேச்சு இருந்தது.

பாலராமபுரம் நெசவுத் தெருவில் வளர்ந்தவளுக்கு ரப்பரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தகரத்தின் சூடு குறைந்துகொண்டே வந்ததை அவள் ஆறுதலாகவே எடுத்துக்கொண்டாள். பிறகு சால்டரிங் அயர்னில் ஈயம் உருகவில்லை. தன் இணைப்புதான் சரியில்லை என்று ஒவ்வொரு வயராகப் பிரித்துச் சேர்த்தாள். கேட்க யாருமில்லை. பேட்டரியை வீட்டுக்குச் சுமந்துபோய் சார்ஜ் போட்டாள்.

"சூரியனுக்கும் நம்ம வீட்டு கரண்டு வேணுமாக்கும்," என்றான் மோகனன்.

இலை மாறும் காலத்தில் நிறுத்தியிருந்த ரப்பர் பால்வெட்டைத் தொடங்க வந்த தோட்டத் தொழிலாளி ரத்னபாய்தான் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மக்கா, மொகம் இப்படி இருக்கு?"

"கரண்டு வரமாட்டேங்குது அக்கா. எங்கே தப்புன்னு தெரியல."

"கம்பியவே பாத்துட்டு இருந்தா? மேல பாத்தியா நீ? மரம் எப்பவும் மொட்டையா நிக்கும்னு நினைச்சியாக்கும்?"

சுகுமாரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். புது இலைகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் முளைக்காத பாறைவெளி. சக்கரத்துக் கல்லை உதைத்துத் தள்ளிவிட்டு ரத்னபாய் வண்டியை அங்கே முன்னால் இழுத்தாள், சுகுமாரி பின்னால் தள்ளினாள்.

"உள்ள வந்து இருங்க அக்கா. ஸ்டூல் உண்டு."

"பால் எடுக்கணும் மக்கா. பின்ன வாறேன்."

அன்றைக்கே அயர்ன் சூடேறி, ஈயம் உருகிப் புகைந்தது. விஷுவுக்கு முன் மோகனன் வந்து, பாடிக்கொண்டிருந்த ரேடியோக்களைப் பார்த்தான். "ஓடுதே," என்றான். விற்கும் பேச்சை எடுக்கவில்லை. ஜன்னல் தகரம் கையைச் சுட, உடனே போய்விட்டான்.

எல்லாரும் அப்படித்தான். குடையோடு ஓடிவந்து ரேடியோவை நீட்டுவார்கள், எதிர்ப்பக்க நிழலுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பேச்சு பாதி கேட்கும், பாதி கேட்காது.

ஒருநாள் மதியம், ரேடியோ கொடுத்த பெரியவர் ஒருவர் அந்த நிழலில் கால் மாற்றி மாற்றி நிற்பதைச் சுகுமாரி பார்த்தாள். மேசைக்கு எதிரே காலியாகக் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். மரத்தடியில் போட்டாள்.

"இருங்க. இப்பத் தந்துருவேன்."

திரும்பி வந்து அயர்னை எடுத்தாள். ஜன்னல் வழியே ஸ்டூல் தெரிந்தது. அவர் அவளுக்கு முதுகு காட்டி, பஸ் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.