காற்றடிக்கும் நாளுக்குக் கூலி இல்லை

காற்றாலை இறக்கைகளில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன் என்பதால் அவனுக்குக் காத்தாடி என்று பேர் விழுந்தது. வைத்தது அவன் மச்சான். விளையாட்டாகச் சொன்னதைத் தெருவே பிடித்துக்கொண்டது. வெயிலும் மழையும் அரித்த இறக்கை விளிம்பைத் தேய்த்து, பிசின் பூசி, மறுபடி வழவழவென்று ஆக்கித் தருவதுதான் அவன் தொழில். உள்ளூரில் அதற்குக் கிடைத்த சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. அதனால் ரெண்டு வருஷமாகக் கோடையில் வெளிநாடு போய், குளிர் தொடங்கும்போது திரும்பி வந்துகொண்டிருந்தான். சம்பள ஆளாக இல்லை, காண்ட்ராக்டில். ஏறின நாளுக்குக் காசு. ஏறாத நாளுக்கு ஒன்றும் கிடையாது.

மூன்றாம் முறைக்கு, ஆள் அனுப்புகிற ஏஜென்ட் அன்று சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார். இந்தத் தடவை அவன் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அவள் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள்.

“எங்க லேபுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டரம்மாவை ஒரு எட்டு பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. கேட்டா என்ன வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடப் போகுது?”

ஆடிட்டரின் அறை ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் இருந்தது. புதுத் தோல் வாசனை படியேறி அறை வரைக்கும் வந்தது. நாற்காலிகளில் எல்லாம் ஃபைல்கள்தான் உட்கார்ந்திருந்தன. ஆடிட்டரம்மா ரெண்டு அடுக்கை எடுத்துத் தரையில் வைத்து இவர்களுக்கு இடம் பண்ணினார். அவன் நீட்டிய காண்ட்ராக்ட் தாளை வாங்கிப் படித்தார்.

“அந்த ஊர்ல வரி கட்டினீங்களா?”

“கம்பெனி வரி பிடிக்கலை மேடம். நீ தனி ஆளு, உன் வரி உன் பாடுன்னுட்டாங்க.”

“இங்க?”

“சம்பாதிச்சது அங்கதானே, இங்க எதுக்குன்னு இருந்துட்டேன்.”

“அப்போ ரெண்டு இடத்துலயும் கட்டலை.”

அவர் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலை. திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு நிதானமாக விளக்கினார். குடும்பமும் வீடும் இங்கே இருக்கின்றன, வருஷத்தில் பெரும்பகுதி இவனும் இங்கேதான். ஆகவே எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்டியாக வேண்டும். அங்கே கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கட்டாததால் கழிக்கவும் ஒன்றுமில்லை.

“எந்தக் கம்பத்துல ஏறணும்னு யாரு சொல்றது?”

“அவங்க சூப்பர்வைசர்.”

“சாமான்?”

“கயிறும் பெல்ட்டும் என்னுது. மத்ததெல்லாம் அவங்களுது. சட்டைகூட அவங்க குடுத்ததுதான்.”

“அங்க இருக்கிற வரி ஆபீஸ் இதைப் பார்த்தா, நீங்க காண்ட்ராக்ட்காரர் இல்லை, கம்பெனி ஆளுதான்னு சொல்லலாம். அப்போ கம்பெனி பிடிக்காம விட்ட வரியைக் கேட்பாங்க. கம்பெனி அதை உங்க தலையில கட்டும். காண்ட்ராக்ட்லயே அதுக்கு ஒரு வரி இருக்கு.”

“அது எந்த வரி மேடம்?”

“எழுத்துல வர்ற வரிங்க. அந்த வரிக்குள்ளதான் இந்த வரி ஒளிஞ்சிருக்கு.”

மனைவி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு முகம் சுருங்கிப்போனது.

ஆடிட்டரம்மா ஒரு காகிதத்தை இழுத்துச் செலவுகளைக் கேட்டார். விமான டிக்கெட், இன்சூரன்ஸ், பயிற்சிச் சான்றிதழைப் புதுப்பிக்கிற கட்டணம் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினார். அவன் விட்டதை மனைவி எடுத்துக்கொடுத்தாள். “காத்து பலமா அடிச்சா ஏறக்கூடாதாம். அன்னிக்குக் கூலி இல்லை. ஆனா ரூம் வாடகை காத்தைப் பார்த்து நிக்காதுங்களே.”

எல்லாம் போக மீதி என்று ஒன்றை வட்டமிட்டு, காகிதத்தை அவன் பக்கம் திருப்பினார். உள்ளூர்ச் சம்பளத்தைவிட ஏதோ கொஞ்சம் அதிகம். அவ்வளவுதான். அதற்குக் கீழே ரெண்டு வருஷத்து வரி தனியாக இருந்தது. அதைப் பார்க்க அவனுக்குக் கண் கூசியது. பயிற்சிக்காக மனைவி சம்பளத்தின் பேரில் வாங்கிய கடனே இன்னும் பாதியில் நிற்கிறது.

“இன்னும் யாரும் கேட்கலையே மேடம்” என்றான் குரலை இறக்கி.

“கேட்கலைதான். நாமளா போய்ச் சொன்னா அபராதம் குறைச்சல், தவணையும் கேட்டுப் பார்க்கலாம். அவங்களா வந்தா ரெண்டும் கிடையாது. வராமலே போனாலும் போகலாம். ஆனா அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன்.”

ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். மனைவியும் பின்னாலேயே வந்தாள். கீழே கடையில் விளம்பரம் அலறிக்கொண்டிருந்ததால் மாடிப்படியில் நின்று ஏஜென்டின் எண்ணை ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, என்னைச் சம்பள ஆளா எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே. காசு குறைஞ்சாலும் பரவாயில்லை.”

ஏஜென்ட் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, சிரிப்பு அப்படி. “தம்பி, சம்பள ஆளுன்னா டாக்டர் பார்த்துதான் எடுப்பாங்க. உன் தோள்பட்டையை வச்சுக்கிட்டு எவன்பா எடுப்பான்? காண்ட்ராக்ட்னா ஒருத்தனும் கேட்க மாட்டான். நீ விழுந்தாலும் உன் பாடு. அதனாலதான் உனக்கு இடமே கிடைக்குது. போன வருஷம் கடைசி ஒரு மாசம் ரூம்லயே சுருண்டு கிடந்தியே, மறந்துட்டியா? சாயங்காலம் சொல்லு.”

போன் அடங்கியது. அவன் சுவரைப் பார்த்தான்.

“ஒரு மாசமா?” என்றாள். “தினமும் போன்ல ஏறினேன், இறங்கினேன்னு சொன்னீங்களே.”

“கயிறு ஒரு வெட்டு வெட்டி இழுத்துச்சு. தோள் கழண்ட மாதிரி இருந்துச்சு. இன்சூரன்ஸ்ல கேட்டேன். இது விபத்து இல்லை, வேலை செஞ்சு தேய்ஞ்சதுன்னுட்டாங்க.”

“அப்பவே வீட்டுக்கு வந்திருக்கலாமே.”

“டிக்கெட் தேதியை மாத்தத் தனியா காசு கேட்டான்.”

அவள் அவன் தோளைப் பார்த்தாள். பிறகு, “கையைத் தூக்குங்க” என்றாள்.

அவன் வலது கையைத் தூக்கினான். நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தான். அதற்குமேல் கை அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வீட்டில் இடது கையால் சமாளித்ததும், மேல்தட்டில் இருப்பதை அவளையே எடுக்கச் சொன்னதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கும். தினமும் ஊரான் கைகளைப் பிடித்து நரம்பு தேடுகிறவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போகலைன்னா எதை வச்சுக் கட்டறது? நீயே சொல்லு” என்றான். “கட்டணும்னா போகணும். போனா வரி இன்னும் ஏறும். எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியலைம்மா.”

யாரோ ஒருவர் மேலே போக வழி கேட்டார். ரெண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கி, அவர் போனதும் மறுபடி அதே இடத்துக்கு வந்தார்கள்.

“உள்ள போய்க் கணக்குக் காட்டிடச் சொல்லலாங்க” என்றாள்.

“தொகையைப் பார்த்தியா நீ?”

“அவங்க எழுதும்போதே தலைகீழாப் படிச்சுட்டேன்.”

“அப்புறமும் சொல்றியா?”

“நீங்க அந்தக் கையோட மேல தொங்கறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, நான் ஒருத்தருக்கு ஊசி குத்த முடியாது.”

அவன் அங்கேயே ஏஜென்டுக்கு மறுபடி போன் போட்டு, நான் வரலைண்ணே என்றான். சரி தம்பி என்று அவர் வைத்துவிட்டார். வருத்தமும் படவில்லை, வற்புறுத்தவும் இல்லை. அந்த இடத்துக்கு வேறு ஒரு ஆள் தயாராக இருந்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நல்லது நடந்தது என்று சொல்லத்தான் ஆசை. அபராதம் குறைந்தது, தவணையும் கிடைத்தது. தவணை கிடைத்ததால் தொகை ஒன்றும் சின்னதாகிவிடவில்லை. வெளிச்சம் வருகிற வீட்டைக் காலி செய்து, பின்கட்டில் ஒற்றை அறைக்குப் போனார்கள். மனைவி லேப் திறப்பதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தாள். தோளுக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் டாக்டர். அது இப்போதைக்குத் தள்ளிக்கிடக்கிறது. கயிற்றையும் பெல்ட்டையும் விற்கப் பார்த்தான். உயிரை நம்பித் தொங்கும் கயிற்றைப் பழசாக யார் வாங்குவார்கள்? ஒருவரும் கையால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு பெயின்ட் குடோனில் சரக்கு எடுத்துக்கொடுக்கிற வேலை கிடைத்தது. வெளிநாடு போவதற்கு முன்னால் வாங்கினதைவிடக் குறைந்த சம்பளம். சில நாள் சோற்றைப் பிசைந்தபடியே, “போயிருக்கணும்” என்பான். “தெரியும்” என்பாள் அவள். சண்டையாக இல்லை. அவளுக்கும் அப்படித் தோன்றுகிற நாட்கள் இருந்தன.

இந்த மாதத் தவணைக்குப் பணம் குறைந்தது. அவன் குடோன் முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். முதலாளி போனில் இருந்தார். முடிக்கட்டும் என்று காத்திருந்தான். அட்வான்ஸ் என்ற சொல்லை எந்த இடத்தில் எடுப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி.