நடுச்சுவர்ப் படகு

மூன்றாவது முறையும் கயிறு அறுந்துவிட்டது. காற்றில்லாத நாள். புதுத் துறைமுகத்துக்குள் அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணனின் படகு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் இன்னொரு படகை இடித்தது. “கட்டத் தெரியாதவனுக்கு நடுச்சுவர் எதுக்கு?” என்றது படகுச் சங்கம். நாளைய கூட்டத்தில் அந்த இடம் கைமாறப்போகிறது. யாருக்கு? அவனுடைய தங்கையின் கணவருக்கே.

துறைமுகச் சுவரின் நட்டநடுவான நடுச்சுவரில் படகு கட்ட இடம் ஒன்றே ஒன்று. மீனை இறக்கினால் எதிரிலேயே வண்டி நிற்கும். மூலையில் கட்டுகிறவன் கூடை சுமந்தே இடுப்பொடிந்து போவான்.

தங்கைக்கு, துறைமுகங்களை மாதிரி கட்டிச் சோதிக்கும் அலைத்தொட்டியில் வேலை. பெரிய கூடம், முழங்கால் ஆழத் தண்ணீருக்குள் அதே துறைமுகம், சிறிதாக, சிமெண்டில். தொட்டியின் கோடியில் மோட்டார் தள்ளும் பலகைதான் அலை எழுப்பும். அண்ணன் அங்கே போய் நின்றான். கையில் ஒரு மரப்படகும் நூல்கண்டும்.

“நான் கட்டற மாதிரியே நடுச்சுவர்ல இதைக் கட்டு. என் முடிச்சு தப்பான்னு பாத்துடுவோம்.”

“இது விளையாட்டு சாமான் இல்லண்ணே.”

“உன் வீட்டுக்காரர் என் இடத்தைப் புடிக்கறதும் விளையாட்டில்லம்மா.”

அவள் படகை வாங்கிக் கட்டினாள். பலகை ஆடியது. அலைகள் வெளிமதிலில் மோதி உடைந்தன. உள்ளே வந்தவை சின்னச் சுருக்கங்கள்தான். படகு லேசாக நடுங்கியதோடு சரி. அண்ணனின் முகம் சுண்டிப்போயிற்று.

மோட்டாரை நிறுத்தினாள். மிச்ச அலை அடுத்த அலையோடு கலந்தால் அளவு கெட்டுவிடும். அதனால் தண்ணீர் அடங்கும்வரை எல்லோரும் டீ குடிக்கப் போவது அங்கே வழக்கம். அடங்குகிற தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. அண்ணனுக்கு டீ இறங்கவில்லை. படகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏய், இங்க வா! இழுக்குது.”

“நீ தொட்டிருப்ப.”

“ரெண்டு கையும் டம்ளர்லதான இருக்கு!”

தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. ஆனால் படகு மெல்ல முன்னே போனது, பின்நூல் விறைத்தது. சற்று நின்று, மெல்லப் பின்னே வந்தது, முன்நூல் விறைத்தது. தங்கை மண்டியிட்டு, காகிதத் துணுக்குகளைத் தூவினாள். மூலையில் விழுந்தவை இருந்த இடத்திலேயே இருந்தன. நடுவில் விழுந்தவை போய்ப் போய் வந்தன.

“தாம்பாளத்துல தண்ணி தூக்கிட்டு நடந்தா ரெண்டு ஓரமும் மாறி மாறி ஏறி இறங்கும்ல? அந்தத் தண்ணி பூரா நடுவால ஓடித்தானே போகணும்? இங்கயும் அதான். கடல்லேர்ந்து வர்ற நீள அலை கண்ணுக்கே தெரியாது. அது துறைமுகத்துக்குள்ள இருக்கற தண்ணியோட ஆட்டத்துக்குத் தோதா வந்துட்டா, நடுவுல இருக்கறதை இழுத்துட்டுப் போகும். நீ இறுக்க இறுக்க, கயிறுதான் அறும்.”

“அப்ப என் முடிச்சு?”

“மூணு தடவையும் அறுந்தது கயிறு. முடிச்சு ஒண்ணாவது அவுந்துச்சா?”

அண்ணன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான்.

“நாளைக்கு நான் வந்து சங்கத்துல சொல்றேண்ணே. பழி போயிடும். இடமும் உன்கிட்டயே இருக்கும்.”

“பழி போனா சரி. இடம் வேணாம், மூலைக்கே போறேன். மாப்பிள்ளை ஆசைப்பட்டாரே, நடுவுல கட்டட்டும்.”

“அண்ணே! அப்ப அறுத்துட்டுப் போறது எங்க படகு!”

அவன் நூலை அவிழ்த்து, கொஞ்சம் நீளம் விட்டு, மறுபடி கட்டினான். படகு போய் வந்தது. இப்போது நூல் விறைக்கவில்லை.

“மாப்பிள்ளைக்கு போன் போடு. இங்க வந்து ஒரு டீ குடிக்கச் சொல்லு” என்றான். “கண்ணு மட்டும் டம்ளர்ல இருக்கக் கூடாது.”