பேரம் பேசாத மகள்

சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவனுக்குக் காது பாதிதான் கேட்கும். வந்தவர் "வீட்டுல சோறில்ல" என்றால் குழம்பில்லை என்று எடுத்துக்கொள்வோம். "மூணு வெள்ளிக்கு மேல ஒரு காசு கிடையாது" என்றால் ஐந்து வரை வருவார். யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்பு என்றுதான் என் அப்பா என்னை வளர்த்தார். குறை சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்ட காது அது.

1961 மார்ச்சில் என் மூத்தவள் மங்களம் சீனியர் கேம்பிரிட்ஜ் பரிட்சையில் தேறவில்லை. அவளுக்கு அப்போது பதினேழு வயது. இரண்டு வாரம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தவள், "அப்பா, என்னால முடியலப்பா. நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நல்லது" என்றாள்.

வழக்கப்படி பாதியைக் கழித்தேன். "போம்மா, ஒரு பரிட்சைக்கு இவ்வளவா? நான் எட்டாவதே தாண்டல. தொந்தியும் தொப்பையுமா நல்லாத்தானே இருக்கேன்?" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டாளே, இனிக் கவலையில்லை என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வாயே திறப்பதில்லை. தம்பிகளோடு சண்டையும் இல்லை. மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மனைவி முத்தாயியிடம் பெருமையடித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பக்கத்து மளிகைக்கடையில் எனக்கு டெலிபோன் வந்தது. பேசியவர் பிராஸ் பாசா சாலையில் பழைய புத்தகக்கடை நடத்தும் ரவூப். பதினைந்து வருடப் பழக்கம். என் கைலிகளை அவர் கொசுவலை என்பார். அவர் புத்தகங்களை நான் கடலை மடிக்கிற காகிதம் என்பேன்.

"சேது, மங்களம் என் கடையில இருக்கு. ஒண்ணும் ஆகல. ருக்கையா பக்கத்துலயே இருக்கா. நீ கடையச் சாத்திட்டு வா."

"என்ன பாய், கொசுவலை தீந்துபோச்சா?"

"சேது. வா."

அந்த மனிதர் பதில் கேலி சொல்லாமல் விட்டது அன்றுதான். வாழ்க்கையில் முதல் தடவையாக வாடகை பேசாமல் டாக்சியில் ஏறினேன்.

ரவூப் என்னை வாசலிலேயே நிறுத்தினார். உள்ளே புத்தக அடுக்குகளுக்கு நடுவில் மங்களம் உட்கார்ந்திருந்தாள். ரவூபின் மனைவி ருக்கையா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் ஜனவரியில லிஸ்டோட வருமே உன் மவ, நான் பத்து வெள்ளின்னா அது நாலுங்கும்," என்றார் ரவூப். "என் கண்ணுல தண்ணி வர வச்சிருக்கு. இன்னிக்கு எல்லாப் புத்தகத்தையும் விக்க அள்ளிட்டு வந்துச்சு. சண்டைக்கு இழுக்கத்தான் ரெண்டு வெள்ளின்னேன். 'சரி, பாய் மாமா'ங்குது. நானே அஞ்சுன்னேன். அதுக்கும் சரிங்குது. அப்புறம் பேனாவ எடுத்து வச்சு, 'இதுக்குக் காசு வேணாம், படிக்கிற பிள்ளை யாருக்காச்சும் குடுங்க'ன்னுச்சு. நாளைக்குன்னு ஒண்ணு வேணுங்கிறவன்தான்யா பேரம் பேசுவான்."

"என்ன கேட்டீங்க அதுகிட்ட?"

"நேராவே கேட்டேன். உசிர விட்டுரலாம்னு நினைப்பு வருதாம்மான்னு. 'வருது மாமா'ன்னு அழுதுச்சு."

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்படியெல்லாம் கேட்டா இல்லாத நினைப்பையும் கிளப்பி விட்ட மாதிரி ஆகாதா, பாய்? தெருவுக்குத் தெரிஞ்சா..."

"கேட்டதால வரல, சேது. கேட்டப்புறந்தான் அந்தப் பிள்ளை மூச்சே விட்டுச்சு. தெருவுக்கு நான் சொல்ல மாட்டேன். நீ உள்ள போ. உன் வியாபாரத்த மட்டும் வாசல்ல வச்சுட்டுப் போ. அது சொல்றத முழுசா வாங்கிக்க."

போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"கோவமாப்பா?"

"இல்ல. சொல்லும்மா."

சொன்னாள். பரிட்சை அதில் ஒரு துண்டுதானாம். ஆறேழு மாதமாகச் சரியான தூக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து உள்ளே இறங்கவில்லை. எதிலும் ருசியில்லை. உயிர்த்தோழி பிரிஜட்டின் குடும்பம் பினாங்குக்குப் போனபின் பேசவும் ஆளில்லை. வீட்டுக்குத் தான் ஒரு பாரம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

"உங்ககிட்ட ஒரு தரம் சொன்னேன்பா."

அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என் நாக்கில் ஒரு எதிர்விலை தயாராக இருந்தது. 'உன் வயசுல நானு...', 'இதெல்லாம் ஒரு...' எல்லாவற்றையும் விழுங்கினேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்த நாட்களில்கூட அவ்வளவு கடினமாக நான் உழைத்ததில்லை.

"நீ சொன்னம்மா. நான்தான் ஒழுங்காக் கேக்கல."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

ருக்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, நம்ம பாசம் மட்டும் போதாது. இதுக்குன்னு படிச்சவங்க பாக்கணும்," என்றார். "என் தங்கச்சி மவனப் பாத்த டாக்டரம்மா இருக்காங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க, இப்பவே போலாம். முத்தாயி அக்காகிட்ட மறைக்காதீங்க. கொஞ்ச நாளைக்குப் பிள்ளையத் தனியா விடக் கூடாது."

அன்றே போனோம். முத்தாயி மகளின் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டாள். ஆபத்து என்று தோன்றியதையெல்லாம் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினோம். வாரம் ஒருமுறை டாக்டரம்மாவிடம் போவதற்கு நான் கடையைச் சாத்தினேன். உடனே சரியாகிவிடவில்லை, நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது.

ரவூபுக்கு நன்றி சொல்ல என் கடையின் உயர்ந்த கைலியைக் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல கொசு குடும்பத்தோட நுழையும்லா," என்றார். ஆனால் திருப்பித் தரவில்லை. மங்களத்துக்கு இப்போது இருபத்துநாலு வயது. அவள் வீட்டுக்குள் நடக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தத் தம்பதிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். பாதிக் கும்பிடில்லை, முழுசு.

அந்த 1961 ஜூனிலேயே ஒரு நாள் கடையில் கல்யாணக் கூட்டம். ஓர் அம்மாள் அரைமணி நேரமாகப் பட்டுப்புடவைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மங்களம் வந்து என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, அந்த நினைப்பு மறுபடி வருது."

ஆறேழு மாதம் மறைத்து வைத்தவள், அன்று தானாகவே நடந்து வந்து சொன்னாள். என் நெஞ்சு பதறியது. அதே நெஞ்சில் ஏனோ சந்தோஷமும் வந்தது. புடவையை அப்படியே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு நடந்தேன்.

"என்னங்க, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேங்க!" என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து கத்தினார்.

நான் திரும்பவில்லை. மங்களம் சொல்லத் தொடங்கியிருந்தாள்.