ஜெபசீலன் மாஸ்டர் வீட்டு வயலின்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. ஊர் தானாகவே நம்பிக்கொண்டது. நான் வயலின் பழகுகிறேன் என்பதுதான் அது.

எனக்கு ஐம்பது வயதாகிறது. கணிதம் படிப்பிக்கிறேன். நேரம் கிடைத்தால் கதை எழுதுகிறேன். வயலினை எந்தத் தோளில் வைப்பது என்பதே எனக்கு அண்மையில்தான் தெரியும். ஆனால் சங்கக் கடைக்குச் சீனி வாங்கப் போனால், “மாஸ்டர், போன கிழமையை விட இப்ப முன்னேற்றம் தெரியுது” என்கிறார்கள். நானும் “ஓம், ஓம்” என்று தலையாட்டிவிட்டு வருகிறேன்.

உண்மையில் வாசித்தவன் என்னோடு படித்த நண்பன். அவனுக்குக் கோகுலன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊரைச் சண்டிலிப்பாய் என்று வைத்திருக்கிறேன். இரண்டும் உண்மையல்ல. என் பெயரை மாற்றினேனா என்று கேட்காதீர்கள்.

2.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

மாலைச் சூரியன் புகையிலைத் தோட்டத்தின்மேல் சாய்ந்தபோது, கோகுலனின் வீணையிலிருந்து எழுந்த

(இங்கே நிறுத்திவிட்டேன். ஆளை அடையாளம் தெரியக்கூடாதென்று வயலினை வீணையாக்கிப் பார்த்தேன். வீணையை மோட்டார் சைக்கிளில் கட்டி, யாரும் காணாமல் இரண்டு வளவு தாண்டிக் கொண்டுவர முடியாது. புல்லாங்குழல் என்றால் சேர்ட்டுக்குள் ஒளித்துவிடலாம். ஆனால் அது வேறு கதை. வயலினே இருக்கட்டும். சூரியனும் வேண்டாம், அன்று மழை.)

இரண்டாவது தொடக்கம்: கோகுலனுக்குத் தண்ணீர்ப் பம்பி திருத்துவது தொழில்.

இது பரவாயில்லை. தொடர்கிறேன். அவன் கல்யாணம் கட்டவில்லை. தகப்பன், தங்கை உதயகலா, அவளுடைய குடும்பம் எல்லோரும் ஒரே வீடு. சனிக்கிழமைகளில் மருமகளை, உதயகலாவின் மகளை, வயலின் வகுப்புக்கு ஏற்றிப் போவான். பிள்ளைகளை ஏற்றிவந்த மற்றவர்கள் வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் யன்னலோடு ஒட்டி நின்று கேட்டிருக்கிறான். உயர்தரப் பரீட்சை வருகிறதென்று மருமகள் வகுப்பை விட்டாள். இவன் அவளுடைய வயலினைத் தூக்கிக்கொண்டு அதே வகுப்பில் போய்க் குந்திவிட்டான். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில், மீசையோடு.

ஊர் இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தது. “எத்தினையாம் தரச் சோதினை எடுக்கப்போறாய்?” என்று கேட்டது.

“சோதினை எடுக்கேல்லை.”

“பேந்து என்னத்துக்குப் பழகிறாய்?”

“சும்மா.”

எங்கள் பக்கத்தில் ஒன்றைச் சும்மா செய்வது கடினம். பாட்டுப் பழகினால் தரம் இருக்க வேண்டும், பந்து அடித்தால் சான்றிதழ் இருக்க வேண்டும். நான் கதை எழுதுகிறேன் என்றால் முதற்கேள்வி “பரிசு ஏதும் கிடைச்சதோ?” என்பதுதான். வளர்ந்த ஒருவனுக்கு ஒன்றில் ஆசை வந்தால் அதற்கு விண்ணப்பப் படிவம் கேட்கிற ஊர் இது. (கோபத்தில் எழுதுகிறேன். பரிசு கிடைக்காததுதான் காரணம் என்று பொன்மலர் சொல்கிறாள். பொன்மலர் என் மனைவி.)

3.

கோகுலனின் தகப்பன் ஆவணியில் இறந்துபோனார். அதை இப்படி எழுதினேன்:

சாய்மனைக் கதிரையில் கண்மூடி, மகனின் வயலினைக் கேட்டபடியே அந்த முதியவர்

இந்த இடம்வரை கோகுலனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் பாதியிலேயே கையைக் காட்டி மறித்தான்.

“அப்பாவுக்கு என்ரை வயலினைக் கண்ணிலையும் காட்டக்கூடாது. நான் பெட்டியைத் திறந்தால் மனுசன் காதிலை இருக்கிற மெசினைக் கழட்டி வைச்சிடும்.”

“சிரிச்சுக்கொண்டு கழட்டினவர் எண்டு போடட்டோ?”

“இல்லை. ஏசிக்கொண்டுதான் கழட்டினவர். அப்பிடியே எழுது.”

எழுதிவிட்டேன். எழுதினதை எட்டிப் பார்த்தான். பிறகு, “செத்தவீட்டண்டைக்கு அந்த மெசின் மேசையிலை கிடந்தது. அதைக் கண்டாப்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது” என்றான். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

கொள்ளி வைத்தவன் அவன்தான். முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிய வீட்டில் தொலைக்காட்சி திரும்பவும் கதைக்கத் தொடங்கியது. ஆனால் கொள்ளி வைத்த மகன் வருசம் திரும்புமுன் வயலின் வாசிப்பதாவது? உதயகலா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. வயலின் பெட்டியைத் துடைத்து, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

4.

ஒரு பின்னேரம் அவன் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான்.

“உன்ரை பின்னறையைக் கொஞ்ச நேரம் தாறியோ? உங்களுக்கு உந்த வழக்கம் இல்லைத்தானே. இரவிலை நித்திரை வருகுதில்லை மச்சான். வருசம் முழுக்க விட்டால் விரலும் மறந்திடும்.”

எங்கள் வீடு மெதடிஸ்த வீடு. சவ அடக்கத்திலேயே பாடுகிறவர்கள் நாங்கள். பின்னறையைத் திறந்துவிட்டேன். அவன் பயந்தது தனக்காக அல்ல. விசயம் வெளியே வந்தால் சொந்தக்காரர்கள் உதயகலாவைத்தான் பிடிப்பார்கள், “நீ வீட்டிலை இருந்துகொண்டு என்ன பாத்துக்கொண்டிருந்தனி?” என்று.

அறைக் கதவைச் சாத்தினால் சத்தம் அறைக்குள் நிற்கும் என்று இரண்டு படித்த மனிதர்கள் நம்பினோம். ஊருக்கு நன்றாகக் கேட்டது. கிறிஸ்தவ வீடு, கரோல் காலம் நெருங்குகிறது, ஆகவே மாஸ்டர் வயலின் பழகுகிறார். கணக்குச் சரி, விடைதான் பிழை.

கார்த்திகை மழைக்குள் போதகரே குடையோடு வந்தார். “இவ்வளவு நாளும் மறைச்சு வைச்சிருக்கிறியள், ஜெபசீலன். கரோல் ஆராதனையிலை ஒரு பாட்டுக்கு வாசியுங்கோ. நிகழ்ச்சி நிரலிலை போட்டிட்டன்” என்றார். பொன்மலர் சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

நான் இதைப் பகிடியாகத்தான் கோகுலனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“என்னாலை உனக்குக் கரைச்சல். இனி வரேல்லை. வருசம் திரும்பட்டும், பாப்பம்.”

வயலினை விட்டுவிட்டே போனான். திரும்பக் கொண்டுபோனால் யாராவது காண்பார்கள்.

5.

(கட்டுரை போல ஒரு பந்தி. விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம்.)

இருபது வயதில் ஒன்றை ஒரு வருடம் விட்டால் திரும்ப எடுக்கலாம். ஐம்பதில் விட்டால் அது “முந்திப் பழகினனான்” என்ற ஒரு வசனமாக மிஞ்சும். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேரிடம் அந்த வசனம் இருக்கிறது. பாட்மின்ரன், கிற்றார், முத்திரை சேர்த்தல், படம் கீறுதல். யாரும் விடுவதாக முடிவெடுத்து விட்டதில்லை. பாப்பம் என்றுதான் விட்டார்கள். கோகுலன் “பாப்பம்” என்றதும் எனக்கு நெஞ்சுக்குள் பயம் வந்தது அதனால்தான்.

6.

பிறகு உதயகலா வந்தாள்.* கையில் ஒரு கட்டு முருங்கைக்காய்.

“மாஸ்டர், இப்ப வயலின் கேக்கிறேல்லை.”

“பேப்பர் திருத்திற வேலை, பிள்ளை.”

“உங்களுக்குப் பொய் சொல்ல வராது” என்றாள். “மூண்டு வருசமா உந்த இழுவையைக் கேட்டுக்கொண்டு சமைச்சனான். சுரம் மேலை ஏறேக்கை அண்ணை ஒருக்கா நிப்பார். பிறகு திரும்ப முதலிலை இருந்து வருவார். வேற ஆரும் அப்பிடி வாசிக்கமாட்டினம்.”

“அப்ப உமக்குத் தெரியுமெண்டு கோகுலனுக்குச் சொல்லட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம். எனக்குத் தெரிஞ்சால் நான் மறிக்கவேணும். மறிக்காட்டில் பெரியம்மா ஆக்களுக்கு நான்தான் மறுமொழி சொல்லவேணும். எனக்கு ஒண்டும் தெரியாது மாஸ்டர். நீங்கள்தான் வாசிக்கிறியள். அப்பிடியே இருக்கட்டும்.”

“அவன் வாறதை நிப்பாட்டிப்போட்டானே.”

“அதுதான் வந்தனான்.” முருங்கைக்காயைக் கதிரையில் வைத்தாள். “பம்பியைக் கழட்டிப் போட்டிட்டு அப்பிடியே பாத்துக்கொண்டு இருக்கிறார். கூப்பிட்டாலும் கேக்கிறேல்லை. அப்பா போனது போகட்டும், அவருக்கு வயசு. அண்ணையும் இப்பிடிப் போனால் நான் என்ன செய்யிறது?”

அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காததுபோல இருந்தேன். அவள் எழும்பிப் போகும்போது படலையடியில் நின்று திரும்பினாள்.

“நீங்கள் எடுத்து இழுங்கோ மாஸ்டர்.”

“எனக்கு அது தெரியாதே, பிள்ளை.”

“தெரியாதபடியாத்தான் சொல்லுறன். காது கூசக் கூச இழுங்கோ. அவர் பொறுக்கமாட்டார்.”

* வந்தது தங்கைதானா என்பதையும் மாற்றியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோகுலன் இந்த இடத்தை வாசித்தால் அவனும் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். கதை என்று பெயர் போட்டுவிட்டால், தெரிந்தவர்களும் தெரியாதவர்களாக இருந்துகொள்ள ஒரு வசதி உண்டு. நான் சும்மா கதை எழுதுவதில் உள்ள ஒரே பிரயோசனம் இதுதான் போலிருக்கிறது.

7.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், கோகுலன் தேவாலயத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசிக்கிறான். உதயகலா பின்வரிசையில் நின்று கேட்கிறாள். பொன்மலர் வாசித்துவிட்டு, “அவள் பிறகு சொந்தக்காரரோடை சீவிக்க வேண்டாமோ?” என்றாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில், ஒரு வருடம் கழிந்து அவன் பெட்டியைத் திறக்கிறான், விரல்கள் மறக்கவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மூன்றாவது எழுதியதல்ல, செய்தது. போதகரிடம் போய்க் கை சுளுக்கு என்று சொன்னேன். (இந்தப் பொய் என்னுடையதுதான்.) வந்து, பின்னறை யன்னலை அகலத் திறந்தேன். வயலினைத் தோளில் வைத்து இழுத்தேன். தகரத்தைச் சீமெந்தில் இழுத்ததுபோல ஒரு சத்தம் வந்தது. பொன்மலர் அடுப்பை நிறுத்திவிட்டு அயல்வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் இழுத்தேன். சங்கக் கடையில் என் முன்னேற்றத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இழுத்தேன்.

அவன் வந்தானா?

வந்தான் என்று எழுதினால், உதயகலா ஒன்றும் தெரியாதவளாக இருக்க முடியாது. வரவில்லை என்றால், இதை எழுதி முடிக்க எனக்கு நேரம் இருந்திராது. பின்னறையில் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன், மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது பின்னேரத்தில் எங்கள் தெருவால் வந்து, வயலின் கேட்டு, பக்கத்தில் நிற்பவர் யார் வாசிக்கிறது என்று உங்களைக் கேட்டால், ஜெபசீலன் மாஸ்டர் என்று சொல்லிவிடுங்கள்.