ஒரு சாண் ஷட்டர்

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரே கட்டடத்தில் மூன்று கடைகள் இருந்தன. முதல் கடையில் கோதண்டராமன் பஞ்சர் ஒட்டினார். நடுக்கடை எஸ்.டி.டி. பூத். மூன்றாவது கடைக்கு யாரும் வாடகைக்கு வரவில்லை; கட்டடக்காரரின் உடைந்த நாற்காலிகள் மட்டும் உள்ளே கிடந்தன.

பூத் பரணிதரனுடையது. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவன். தொண்ணூற்று ஐந்தில் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் அந்த பூத் அவனுக்குக் கிடைத்தது. மீட்டரைப் பார்த்து பில் போடுவது அவன் வேலை. கூட்டுவது, சில்லறை மாற்றி வருவது, படிக்கத் தெரியாதவர்களுக்கு நம்பர் போட்டுக் கொடுப்பது எல்லாம் மனைவி சங்கரியின் வேலை. இருவராலும் முடியாத வேலை ஒன்று இருந்தது. ஷட்டரைத் தூக்குவது.

கட்டடம் பூத் இருந்த பக்கம் பூமியில் கொஞ்சம் இறங்கியிருந்தது. நடுக்கடைக்கும் காலிக் கடைக்கும் ஷட்டர் ஓடுகிற இரும்புச் சட்டங்கள் நெருங்கிப்போய்த் தகரத்தைக் கவ்விப் பிடித்தன. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சுவரை உடைக்காமல் ஒன்றும் நடக்காது என்றார். கட்டடக்காரர் சுவரைத் தொட விடவில்லை. வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் டெலிபோன் லைனை மாற்ற எத்தனை மாதம் ஆகுமென்று யாராலும் சொல்ல முடியவில்லை. பரணிக்குக் கையில் பலம் உண்டு, ஆனால் ஊன்றி நிற்க முடியாது. சங்கரி ஒல்லியான உடம்புக்காரி. அதனால் தினமும் காலையில் கோதண்டராமன் வந்து தூக்கிவிட்டார்.

"தள்ளு தங்கச்சி. இதெல்லாம் உன்னால ஆவற வேலயா?" என்று லுங்கியை மடித்துக் கட்டுவார். ஒரே மூச்சில் ஷட்டர் மேலே போய்விடும். பிறகு பூத் வாசலில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார். நல்ல மனிதர். ஆனால் ஒன்பது மணிக்கு முன்னால் அவருக்குப் பொழுது விடியாது.

விடியற்காலையில் பேசினால் கட்டணம் மிகவும் குறைவு. பம்பாயிலும் டெல்லியிலும் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் அந்த நேரத்துக்குத்தான் வந்தார்கள். மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குள் இருந்த இன்னொரு பூத்தில் போய் வரிசையில் நின்றார்கள். பால் வாங்கப் போகும்போது சங்கரி அந்த வரிசையைப் பார்ப்பாள். பூக்கடை முனியம்மா ஒருநாள் அங்கிருந்தே சத்தம் போட்டாள்: "இன்னாமா, உன் பூத்து ஆபீசு டயத்துக்குத்தான் தொறக்குமா?" சங்கரி சிரித்து வைத்தாள். அன்று முழுக்க அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

தொண்ணூற்று ஏழு ஆவணியில் கோதண்டராமன் ஒரு கல்யாணத்துக்காகச் செய்யூர் போனார். வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று பரணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சங்கரி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். ஷட்டர் முழங்கால் உயரம் வந்து நின்றது. அவள் விடவில்லை. இடுப்பில் ஏதோ பிடுங்கிக்கொண்டது போலிருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தவளை ஆட்டோவில்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்று வாரம் பாயைவிட்டு எழ முடியவில்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கே ஷபானா என்ற பெண் இருந்தாள். சங்கரியைவிடப் பத்து வயதாவது சின்னவள். பேசும்போதே அடுத்த ஆளின் சீட்டை வாங்கிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு.

"ஷட்டர இனிமே தொடவே கூடாதாம்மா?" என்று சங்கரி கேட்டாள்.

"வலி சுத்தமா போவட்டும். அப்புறம் தொடுங்க. தூக்காதீங்க."

"தொட்டுட்டு இன்னா பண்றது?"

ஷபானா சீட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒரு சாண் தூக்கி எறக்குங்க. முட்டிய மடக்கி, முதுகு நேரா. மூச்சு வாங்கக் கூடாது, கை நடுங்கக் கூடாது. இன்னொரு வாட்டி முடியும்னு தோணுதுல்ல, அப்பவே வுட்டுட்டு வந்துடணும்."

"வந்துட்டு?"

"உக்காந்துக்குங்க. தூக்கனதே மறந்து போவணும். அப்புறமா போயி இன்னொரு தபா. அவ்ளோதான்."

"அதுல பலம் வருமாம்மா?"

"களச்சிப் போனா வராது, அக்கா. களைக்காம செஞ்சா வரும். லேட்டாத்தான் வரும்," என்ற ஷபானா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

சங்கரிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. வேலை என்றால் வேர்க்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும். என்றாலும் வலி போன பிறகு ஒருநாள், பூத்தில் ஆள் இல்லாத நேரத்தில், காலிக் கடையின் ஷட்டர் முன்னால் போய் நின்றாள். அதற்குப் பூட்டு இல்லை. முட்டியை மடக்கி, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்கினாள். வேர்க்கவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆள் வந்தார்கள், போனார்கள். டீ குடித்தாள். எழுந்துபோய் மறுபடியும் ஒருமுறை. சாயங்காலம் வரை அப்படியே. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை.

"இன்னா தங்கச்சி, எலி கிலி பூந்துச்சா?" என்று கோதண்டராமன் பஞ்சர் தொட்டிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒன்னுமில்லண்ணே."

பரணிதரனுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆஸ்பத்திரில இருந்து வந்து ஒரு மாசம் ஆவுது. இன்னும் சாண் அளவுக்கே நின்னுகினு கீற. நல்லா இழுத்துப் பாரேன்," என்றான்.

"இழுத்துத்தான படுத்தேன்?"

அதன் பிறகு அவன் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்தது. சட்டத்தில் துரு ஏறி ஷட்டர் இன்னும் கனத்தது. முன்பு தூக்கிய உயரம் வரவில்லை. அவள் உயரத்தைக் குறைத்துக்கொண்டாள். தை பிறந்தபோது ஒரு சாண் உயரம் வெறுங்கையைத் தூக்குவது போலாகிவிட்டது. முழங்கால் வரை போனாள். அது லேசாகும் வரை அங்கேயே நின்றாள். சில நாள் மேலே இழுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். உள்ளே எங்கோ இடுப்பு பிடுங்கிய அந்த நாள் ஞாபகம் வரும். விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்திருப்பதும் வேலையில் சேர்த்தி என்று ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு அதிக நாள் பிடித்தது.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம், இடுப்பு உயரத்துக்குத் தூக்கியவள் அங்கே நிறுத்தாமல் கையை மாற்றி உள்ளங்கையால் மேலே தள்ளினாள். காலிக் கடையின் ஷட்டர் கடகடவென்று உச்சிக்குப் போய்ச் சுருண்டது. உள்ளே உடைந்த நாற்காலிகள் வெளிச்சத்தில் தெரிந்தன. மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டாள். வாங்கவில்லை. கோதண்டராமன் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். மெதுவாக இறக்கிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பூத்துக்குள் இருந்த பரணி அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டுவிட்டான். அவளையே பார்த்தான்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடலாமா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே பூத் திறந்தது. முதலில் வந்தது முனியம்மா. பம்பாயில் இருக்கும் மகளிடம் அரிசி விலையையும் மருமகனின் இருமலையும் பற்றிப் பேசினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள்.

ஒன்பது மணிக்குக் கோதண்டராமன் லுங்கியை மடித்துக் கட்டியபடியே வந்தார். திறந்திருந்த கடையைப் பார்த்ததும் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார்.

"ஆரு தூக்கனது?"

"நாந்தாண்ணே."

"ஆள் வெச்சிக்கினீங்களா?"

"இல்லண்ணே. நானேதான்."

அவர் ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். டீ வந்தது, வாங்கிக்கொள்ளவில்லை. "ஒரு நாளாவது மூஞ்சி காட்டிக்கீறனா, தங்கச்சி? சலிச்சிக்கினனா?"

"சேச்சே."

"பின்ன இன்னாத்துக்கு?"

"விடியகாத்தால தொறக்கணும்ணே. அந்நேரத்துக்கு உன்ன வந்து எழுப்ப முடியுமா?"

"எழுப்பினா வந்துருப்பேன்."

வந்திருப்பார்தான். அது அவளுக்கும் தெரியும். வந்திருப்பார் என்பதால்தான் எழுப்பவில்லை என்பதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தன் கடைக்குப் போய் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்க ஆரம்பித்தார்.

சித்திரை முழுக்க அவர் பூத்துக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் பரணியிடம் இரண்டு வார்த்தை பேசுவார், சங்கரியைப் பார்த்துத் தலையசைப்பார். அவள் டீயைக் கொண்டுபோய் அவர் கடை வாசலில் வைத்தாள். சில நாள் குடித்தார், சில நாள் ஆறிப்போனது. பலம் வந்ததால் இப்படியும் ஒன்று போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதற்காக ஷட்டரை விடவும் மனம் வரவில்லை. காலையில் தூக்குவது போக, பகலில் காலிக் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்தாள்.

வைகாசியில் ஒருநாள் கடையைச் சாத்துகிற நேரம். சங்கரி உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தபோது கோதண்டராமன் வாசலில் நின்றிருந்தார். கொக்கி போட்ட கம்பி அவர் கையில் இருந்தது.

"தூக்கறத நீ தூக்கிக்கோ. எறக்கறது நான் எறக்கறேன்," என்றார்.

இறக்குவதற்கு யாருடைய பலமும் வேண்டாம். கொக்கியை மாட்டி இழுத்தால் ஷட்டர் தன் கனத்திலேயே கீழே வந்துவிடும்.

"சரிண்ணே," என்று சங்கரி ஒதுங்கி நின்றாள்.