மச்சானுக்கு வந்த வலிப்பு

பேருந்து ஓட்டுநர் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார், கூடவே மனைவியும். அவருடைய கோப்பில் "வலிப்பு நோய் உண்டு" என்று எழுதியிருந்தது. பணிமனையில் வருடாந்திரச் சோதனைக்காகக் கோப்பைத் திறந்தவர்கள் அதைப் படித்தார்கள், சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வரி போகிறவரை வேலை கிடையாது. அவருக்கோ பிறந்ததிலிருந்து தும்மலைத் தவிர வேறெதுவும் பெரிதாக வந்ததில்லை.

மனைவி சலவைக்கூடத்தில் இரவு வேலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்ததுமே கண் சொருகியது. இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னல், அந்த ஜன்னலில் கேட்டால் டாக்டர், டாக்டரைக் கேட்டால் 'நான் எழுதலை, எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது'.

"இப்படியே அலைஞ்சா நிஜமாவே வலிப்பு வந்துடும்டி."

"மெதுவா பேசுங்க. அதையும் எழுதிடப் போறாங்க."

நடந்தது என்னவென்று இருவருக்கும் தெரியும். அவளுடைய தம்பி, வீட்டில் எல்லோருக்கும் 'வாலு', முன்பொரு நாள் அவர்கள் வீட்டுக் கூடத்தில் விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளிவிட்டான். அப்போது அவனுக்கு வேலையும் இல்லை, மருத்துவ அட்டையும் இல்லை. ஓட்டுநர் தன் கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினார். "பேரு என்னோடதா இருந்தா என்ன, உசுரு மச்சானோடதுதானே?" அன்று அவளுக்கு அவர்மேல் அவ்வளவு பெருமை. அட்டையை இரவல் கொடுத்தது இன்று வெளியே தெரிந்தால் அட்டையும் போகும், வேலையும் போகும். அதனால் எங்கே போனாலும் ஒரே பாட்டு: எனக்கு வலிப்பு கிடையாது.

இந்த முறை உள்ளே இருந்தது ஒரு இளம் டாக்டர் அம்மா. ஆச்சரியம், கோப்பைப் பொறுமையாகப் படித்தார்.

"வலிப்பு வந்த அன்னைக்கு எடுத்ததுல ரத்தம் ஓ பாசிட்டிவ்னு இருக்கு. போன தடவை எடுத்ததுல உங்களுக்கு பி பாசிட்டிவ். இது நீங்க இல்லைங்க."

"அதைத்தானே மேடம் தொண்டை கிழிய சொல்லிட்டிருக்கேன்! அந்த வரியை அடிச்சு விட்டுடுங்க."

"சும்மா அடிக்க முடியாது. அன்னைக்கு யாருக்கோ வலிப்பு வந்திருக்கே, அந்த ஆள் யாரு?"

"யாரோ... தப்பா பதிஞ்சிருப்பாங்க."

"எனக்கு அவரை நினைச்சாதான் பயமா இருக்கு. கொஞ்ச நாள் மாத்திரை வாங்கியிருக்காரு, அப்புறம் வரவே இல்லை. இதை வெச்சுக்கிட்டு உயரத்துல ஏறி வேலை பாக்கறாரோ, வண்டி கிண்டி ஓட்டறாரோ..."

அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. வாலுவுக்கு லைசென்ஸ் கிடைத்தது போன மாதம்தான். அவன் கோப்பில் ஒரு கீறல்கூட இல்லை, எப்படி இருக்கும்? அவன் நோய் மாமா பெயரில் அல்லவா படுத்துக்கொண்டிருந்தது. வேலை கிடைத்ததும் இனிப்போடு வந்து குதித்தான். ஓட்டுநரின் சாவி போன கவலையில் இவர்களும் அதைப் பற்றி யோசிக்காமல் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஓட்டுநர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வராது. அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

"அது என் தம்பி மேடம்," என்றாள் அவள். "இவரோட அட்டையிலதான் காட்டினோம்."

டாக்டர் திட்டவில்லை. "இப்ப என்ன பண்றாரு?"

"ஸ்கூல் வேன் ஓட்டறான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உடனே போன் பண்ணுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்து கடைசியில் எடுத்தான். பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவன் குரலே அமுங்கிப் போனது.

"அக்கா, வண்டியில இருக்கேன். மாமாவுக்கு சாவி கெடச்சுதா?"

"ஓரமா நிறுத்துடா."

"லேட் ஆயிடுச்சுக்கா, எல்லாரும் கத்தறாங்க..."

"வாலு, அக்கா சொல்றேன்ல? மொதல்ல நிறுத்து."

இன்ஜின் சத்தம் நின்றது. பிள்ளைகளின் கூச்சல் மட்டும் நிற்கவில்லை.

"நிறுத்திட்டேன். சொல்லுக்கா, என்ன ஆச்சு?"

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.